வியாழன், ஆறு மணி

எட்டு வியாழன், எட்டு உரை.
அனைவரும் வருக, காபி இலவசம் என்று
டிராம் நிறுத்தத்தில் ஒட்டியது நான்தான்.
திரை, ஒலிவாங்கி, விளக்கு, சாவி, அதுவும் நான்தான்.
இருநூற்று நாற்பது இருக்கை.
வந்தவர் முப்பத்தொன்று,
காபிக்கு மட்டும் வந்த ஏழு பேரையும் சேர்த்து.

முதல் வாரம் வார்சாவிலிருந்து ஒருவர்.
ஆற்றலைச் சேமிப்பது பற்றி அழகாகப் பேசினார்.
அவருக்குப் பின்னால் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.
வெளியே மைனஸ் ஒன்பது.
எங்கள் ரேடியேட்டர்களுக்குத் திருகு கிடையாது.
அக்டோபரில் குழாயில் ஏறும் நகரத்துச் சூடு
ஏப்ரலில்தான் இறங்கும்.
கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு
வீணாகும் வெப்பம் என்ற படத்தைக் காட்டினார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஓட்டிலியா அம்மையார் மட்டும்
நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார்.

மேசையில் வைக்கும் பேனா
இடப்பக்கமாக உருண்டு விழும்.
வெளியூர்ப் பேச்சாளர்கள் குனிந்து எடுப்பார்கள்,
மறுபடி வைப்பார்கள்,
மறுபடி குனிவார்கள்.
உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.
நூறு வருஷம் அடியில் குடைந்ததில்
கட்டடம் ஒரு சாண் சாய்ந்துவிட்டது.
அள்ளிப்போன கரிக்கு
உருளும் பேனாதான் கரி.

இரண்டாம் வாரம் காற்றாலை.
மூன்றாம் வாரம், மின்கட்டமைப்பின் நிலைத்தன்மை;
காபிக் கொதிகலன் ஃபியூஸை அடித்துப் போட்டதில்
பாதி உரை இருட்டில் நடந்தது.
(என் தவறு. இரண்டையும் ஒரே பிளக்கில் செருகியிருந்தேன்.)
நான்காம் வாரம் பனி. ஒன்பது பேர்.

ஐந்தாவது, முனைவர் கிங்கா வாவ்ஜின்யாக்.
பேனாவை மேசையில் வைக்காமல்
காதில் செருகிக்கொண்டார். இந்தப் பக்கத்துப் பெண்தான்.
திரையில் ரோசாலியா சுரங்கம்,
மூடி பதினான்கு வருஷம் ஆனது,
அடுக்கடுக்காக நீல நிறத்தில்.
"உள்ளே தேங்கிய நீர்
கோடையிலும் பனியிலும் ஒரே இளஞ்சூடு.
அதை மேலே கொண்டுவந்தால்
இரண்டாயிரம் வீடுகள் குளிர் காயலாம்."

நான்காம் வரிசையில் ஏவால்ட் கொத்சுரெக் எழுந்தார்.
ஒலிவாங்கியை நீட்டினேன். வேண்டாம் என்றார்.
"முப்பது வருஷம்
அந்தத் தண்ணியை வெளியே தள்ளத்தான்
எனக்குச் சம்பளம், டாக்டர்.
பம்ப் ஒரு மணி நேரம் நின்றால் முழங்கால் வரை.
இரண்டு மணி நேரம் நின்றால்
ருஃபின்."

ருஃபின் யார் என்று முனைவர் கேட்கவில்லை.
முன்வரிசை மாணவர்கள் இருவர்
அது ஏதோ அளவையின் பெயர் என்று
குறித்துக்கொண்டார்கள்.

"இப்போது அதையே குழாய் போட்டு
என் படுக்கையறைக்கு விடப்போகிறீர்களா?"

அதற்கு அவரிடம் படம் இல்லை.
காதிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார்,
மூடினார்.
"அந்தத் தண்ணி வராது," என்றார்.
"இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் அது ஓடும்,
இந்தப் பக்கம் வேறு தண்ணி.
சூடு மட்டும்தான் கடக்கும்."

"சூடு மட்டும்,"
என்று சொல்லிப் பார்த்துவிட்டு
அவர் உட்கார்ந்தார்.
ஒப்புக்கொண்டாரா, களைத்துப் போனாரா,
முதுகைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

எட்டரைக்கு விளக்கை அணைக்கப் போனால்
இருவரும் திரைக்கு முன்னால்.
மூன்றாம் மட்டத்து மேற்குப் பாதை
வரைபடத்தில் இடப்பக்கம் வளைகிறது.
வலப்பக்கம் என்கிறார் இவர்.
ஆவணத்தில் அப்படி இல்லை என்கிறார் அவர்.
ஆவணம் எழுதியவன் கீழே இறங்கினானா?
நான் சாவிக்கொத்தை இரண்டு முறை குலுக்கினேன்.
நீலத்தின் மேல் ஒரு கட்டைவிரல்,
திரையைத் தொடக்கூடாது என்ற என் அறிவிப்புக்கு
நேர் கீழே.

சன்னல்களைச் சாத்தினேன்.
ரேடியேட்டர் கொதித்தது, வழக்கம் போல, யாருக்கும் இல்லாமல்.

ஆறாவது வாரம் சைக்கிள் பாதைகள்.
ஏவால்ட் வந்திருந்தார், முதல் வரிசையில்.
காபிக்கு, என்றார்.